மகேந்திரன் படங்களுக்கு என் மார்க்

கலையை எண்ணால் அளக்கலாமா, படத்துக்கு மார்க் போடலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் போடுகிற கட்சி. மார்க் போட வேண்டும் என்று உட்கார்ந்தால்தான் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. 'நன்றாக இருந்தது, ஆனால் இன்னும் கொஞ்சம்...' என்று இழுத்துக்கொண்டே போக முடியாது. எவ்வளவு நன்றாக இருந்தது, எதைவிட நன்றாக இருந்தது, எங்கே குறைந்தது என்று பதில் சொல்லியாக வேண்டும்.

என் தலைமுறை ஆனந்த விகடன் மார்க்கைப் பார்த்து வளர்ந்தது. 1977-ல் வந்த 'பதினாறு வயதினிலே' படத்துக்கு விகடன் கொடுத்தது 62.5. நூற்றுக்கு அறுபத்திரண்டரை. பள்ளிக்கூடத்தில் அந்த மார்க் வாங்கினால் வீட்டில் கையெழுத்துப் போடவே யோசிப்பார்கள். சினிமாவில் அது சிகரம். அந்தக் கறார் எனக்குப் பிடிக்கும். இப்போது பார்க்கிற படத்துக்கெல்லாம் ஐந்துக்கு நாலு ஸ்டார் விழுகிறது, எந்த நாலு உண்மையான நாலு என்று கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் என் கணக்கும் விகடன் கணக்குத்தான். 40 வாங்கினால் பாஸ். 50-ஐத் தாண்டினால் தேடிப்போய்ப் பார்க்க வேண்டிய படம். 60-ஐத் தாண்டினால், பத்து வருடத்துக்கு ஒரு தடவையாவது திரும்பப் பார்க்க வேண்டிய படம்.

தம்பி மகன் சென்னையில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறான். "பெரியப்பா, டைரக்டர் மகேந்திரன் படங்களை வரிசைப்படுத்திக் கொடுங்க, எதுல ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க" என்று கேட்டிருந்தான். அவனுக்காக எழுத ஆரம்பித்ததுதான் இது. கிடைத்த படங்களை எல்லாம் ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். மகேந்திரனை ஹெட்போனில்தான் பார்க்க வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். இளையான்குடிக்காரர். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் படிக்கும்போது, விழாவுக்கு வந்த எம்.ஜி.ஆரை மேடையில் வைத்துக்கொண்டே, தமிழ் சினிமாவில் காதலர்கள் ஊரறிய டூயட் பாடுகிறார்களே என்று விமர்சித்துப் பேசினார். எம்.ஜி.ஆர். அவரைப் பாராட்டிவிட்டுப் போனார். பிற்பாடு 'பொன்னியின் செல்வ'னுக்குத் திரைக்கதை எழுதும் வேலையை எம்.ஜி.ஆரே அவரிடம் கொடுத்தார். இடையில் பத்திரிகை வேலை, அதில் சினிமா விமர்சனமும் உண்டு. அப்புறம் கதை, வசனம். சிவாஜி எஸ்.பி. சௌத்ரியாக நிமிர்ந்து நின்று முழங்கினாரே, 1974-ல் வந்த 'தங்கப்பதக்கம்', அது மகேந்திரன் எழுதியது. அரங்கமே கைதட்டுகிற வசனத்தை எழுதத் தெரிந்த மனிதர் அவர். அப்படிப்பட்டவர் தானே இயக்குநரானதும் தன் பாத்திரங்களின் வாயை மூடினார். தெரியாமல் விட்டதல்ல, தெரிந்தே விட்டது. அவரை மதிப்பிட எனக்கு இந்த ஒரு விஷயம்தான் அளவுகோல். முகத்தைப் பார்த்து எனக்கு ஏற்கெனவே புரிந்துவிட்டதை ஒரு பாத்திரம் வாயைத் திறந்து மறுபடி சொன்னால், அங்கே மார்க்கை வெட்டுகிறேன். சொல்லாமல் விட்டு எனக்குப் புரிய வைத்தால் கூட்டுகிறேன்.

இயக்கியது மொத்தம் 12 படங்கள். பெரிய ஆச்சரியம் என்னவென்றால், நாம் மகேந்திரன் என்று சொல்லும்போது நினைப்பதெல்லாம் பெரும்பாலும் 1978 முதல் 1980 வரையிலான மூன்று வருடத்தில் வந்துவிட்டது.

'முள்ளும் மலரும்' (1978): 61.

'உதிரிப்பூக்கள்'தான் அவருடைய உச்சம் என்று சொல்வது வழக்கம். கருத்தரங்கில் சொல்வார்கள், பட்டியல்களில் போடுவார்கள். நான் 'முள்ளும் மலரும்' பக்கம். உமாசந்திரன் கல்கியில் எழுதிய நாவல் அடிப்படை. மின்நிலையத்தில் விஞ்ச் (இழுவை இயந்திரம்) ஆபரேட்டர் காளியாக ரஜினி, அவன் தங்கை வள்ளியாக ஷோபா, புதிதாக வந்த இன்ஜினியர் குமரன். தங்கையை உயிராக நினைக்கும் அண்ணன் என்பது அன்றைக்கே தமிழ் சினிமா பிழிந்து எடுத்துவிட்ட விஷயம். அண்ணன் அழுவான், தங்கை அழுவாள், தியேட்டர் அழும். மகேந்திரன் அந்தப் பாசத்துக்குள் இருக்கிற பிடிவாதத்தையும் அகங்காரத்தையும் பார்த்தார். காளிக்குத் தங்கை மேல் இருப்பது அன்பு. 'என் தங்கை' என்ற உரிமையும் அதே அளவுக்கு இருக்கிறது. இன்ஜினியர் அவனைத் தட்டிக்கேட்ட மேலதிகாரி. அவருக்கே தங்கையைக் கொடுப்பது அவனுக்குத் தோல்வி.

வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு, குடித்துவிட்டுக் கிடந்து, லாரி ஏறிக் காளியின் ஒரு கை போகிறது. அதற்கப்புறம் அவனை வள்ளி பார்க்கும் இடத்தைக் கவனியுங்கள். வேறு யாராக இருந்தாலும் அங்கே ஒரு பக்க வசனம் எழுதியிருப்பார்கள். எழுதுவதற்கு அருமையான இடம் அது, 'தங்கப்பதக்கம்' எழுதியவருக்குச் சொல்லவே வேண்டாம். அவர் ஷோபாவின் முகத்தையும் இளையராஜாவையும் நம்பி விட்டுவிட்டார். பாலு மகேந்திராவின் கேமரா அந்த முகத்தை அவசரமில்லாமல் பார்க்கிறது. ரஜினி சிரிக்கப் பார்க்கிறார். நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது.

முடிவு இன்னும் பெரிது. வள்ளி குமரனோடு போகப் புறப்பட்டுவிட்டாள். ஊரே அந்தப் பக்கம் நிற்கிறது, மனைவி மங்கா உட்பட. தனியாக நிற்கிற அண்ணனைப் பார்த்துவிட்டு வள்ளி திரும்பி ஓடி வருகிறாள். இந்த உலகத்தில் எல்லாரையும்விட நான்தான் பெரிது என்று என் தங்கை காட்டிவிட்டாள் என்ற பெருமையில்தான் காளி கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறான். மனம் திருந்தி அல்ல. இன்ஜினியரிடம், இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லியே தங்கையை ஒப்படைக்கிறான். ஒரு மனிதன் கடைசி வரை தன் குணத்தோடே இருந்துகொண்டு ஒரு நல்ல காரியம் செய்கிறான். நம் படங்களில் கடைசி ரீலில் வில்லன் முதல் மாமியார் வரை எல்லாரும் திருந்துவார்கள். காளி திருந்தவில்லை. அதனால்தான் அவனை இன்றைக்கும் நம்ப முடிகிறது.

தயாரிப்பாளர் படத்தைப் பார்த்துவிட்டு, வசனமே இல்லையே என்று கலங்கிப்போனதும், மிச்சமிருந்த படப்பிடிப்புக்குக் கமல்ஹாசன் பணம் கொடுத்து உதவியதும் தெரிந்த கதைகள். 'செந்தாழம் பூவில்' பாட்டு இந்தப் படத்தில் இருப்பதற்குக் கமலுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். பாலு மகேந்திராவை மகேந்திரனிடம் கொண்டுவந்து சேர்த்ததும் அவர்தான்.

ஜெயலட்சுமியின் மங்காவை யாரும் பேசுவதில்லை, எனக்கு அது வருத்தம். சாப்பாட்டு ஆசையை ஒளிக்காமல் 'நித்தம் நித்தம் நெல்லுச் சோறு' என்று பாடுகிற பெண். கதாநாயகிக்குப் பசி இருக்கும் என்று ஒத்துக்கொண்ட படங்கள் எத்தனை? அவளுக்காக மட்டும் இரண்டு மார்க் கூட்டியிருக்கிறேன்.

'உதிரிப்பூக்கள்' (1979): 59.

புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தொட்டுக்கொண்டு கிளம்பி, வேறெங்கோ போய்ச் சேர்ந்த படம். சுந்தரவடிவேலு ஊர்ப் பெரிய மனிதர். விஜயன் நடித்தார். சத்தம் போடாத, மீசை முறுக்காத, சுத்தமான வேட்டி சட்டையில் நிதானமாகப் பேசுகிற கொடியவன். நோயாளி மனைவி உயிரோடு இருக்கும்போதே, அவள் தங்கை செண்பகத்தைத் தனக்குக் கட்டிக்கொடுக்கச் சொல்லி மாமனாரிடம் கேட்கிறான். ஏதோ மனைவியின் நன்மைக்காகத்தான் கேட்பதுபோல அவன் அதை எடுத்து வைக்கும் விதம் இருக்கிறதே, அதைக் கேட்கும்போது வயிற்றைப் பிசைகிறது. இப்படிப்பட்ட ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். குரலை உயர்த்தாமலே ஒரு வீட்டை அழித்துவிடுவார்கள்.

அஸ்வினியின் லட்சுமி படம் முழுக்க மிகக் குறைவாகவே பேசுகிறாள். 'அழகிய கண்ணே' பாட்டில் குழந்தைகளோடு இருக்கும்போது மட்டும்தான் அவள் முகம் திறக்கிறது. அசோக்குமார் ஆற்றங்கரை வெளிச்சத்தை எடுத்திருக்கும் விதத்துக்கு எவ்வளவு மார்க் போட்டாலும் தகும். ஒரு ஊர், ஒரு ஆறு, சில மனிதர்கள். அந்த ஆறு கடைசியில் என்ன செய்யப்போகிறது என்பதை முதலிலிருந்தே நம் கண் முன்னால் வைத்திருக்கிறார்கள்.

பின்னே ஏன் இரண்டு மார்க் குறைவு? செண்பகத்துக்கு அவன் செய்யும் அந்தக் கொடுமைக் காட்சி. அதுவரை ஒரு மனிதனின் தீமையைக் கண்ணாலும் குரலாலும் காட்டி வந்த படம், அங்கே சினிமா வில்லனின் வழக்கமான வழியில் போகிறது. ஊர் திரண்டு எழ ஒரு காரணம் வேண்டும் என்பதற்காக வைத்தது போல் தோன்றுகிறது. சுந்தரவடிவேலுவைத் தண்டிக்க அது தேவையே இல்லை. லட்சுமியின் சாவு போதும்.

ஆனால் கடைசி ஐந்து நிமிடத்தில் படம் தன்னை மீட்டுக்கொண்டுவிடுகிறது. சாகச் சொல்லி ஊரே ஆற்றங்கரையில் நிற்கிறது. அவன் சொல்கிறான்: நான் செய்த தப்பிலேயே பெரிய தப்பு, உங்கள் எல்லாரையும் என்னைப் போல மாற்றிவிட்டதுதான். என் விதிப்படி வசனத்துக்கு மார்க் வெட்ட வேண்டும். இதற்கு வெட்ட முடியாது. அதுவரை நாமும் அந்த ஊரோடு சேர்ந்து அவன் சாவை விரும்பிக்கொண்டிருந்தோம். அந்த ஒரு வாக்கியம் நம் மேலும் விழுகிறது. கரையில் அவனுடைய இரண்டு குழந்தைகள். நல்லவர்கள் எல்லாரும் சேர்ந்து இரண்டு பிள்ளைகளை அநாதையாக்கிவிட்டு நிற்கிறார்கள். தமிழில் இதற்கு முன்னாலும் பின்னாலும் இப்படி ஒரு முடிவை வைக்கத் துணிந்தவர்கள் குறைவு.

'ஜானி' (1980): 56.

எங்கள் வீட்டில் சண்டை வந்தது இந்த மார்க்குக்குத்தான். "அர்ச்சனா ஒருத்திக்கே அறுபது போடணும். நீங்க என்ன 56-ல நிறுத்திட்டீங்க?" என்றாள் மனைவி. அர்ச்சனா என்பது ஸ்ரீதேவி நடித்த பாடகி. அவளுக்கு அறுபது என்றால் நானும் ஒத்துக்கொள்கிறேன். படத்துக்கு 56-தான். ஒரே முகமுள்ள இரண்டு பேர் (திருடன் ஜானி, சலூன்காரர் வித்யாசாகர், இரண்டும் ரஜினி), ஒருவன் செய்ததற்கு இன்னொருவன் மாட்டிக்கொள்வது, போலீஸ் துரத்தல் எல்லாம் எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து ஓடித் தேய்ந்த சக்கரம். அந்தப் பகுதிகளில் மகேந்திரனுக்கே ஆர்வம் இல்லை என்று எனக்குப் படுகிறது. சீக்கிரம் முடித்துக்கொண்டு அர்ச்சனா வீட்டுக்கு ஓடி வந்துவிடுகிறார்.

அந்த வீடு. பாடகி தனியாக இருக்கிறாள். ஜானியிடம் தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி அவளே கேட்கிறாள். அவன் தயங்குகிறான், காரணம் அவனுடைய திருட்டு வாழ்க்கை. அவளுக்கு அது தெரியாது. நாலு பேர் முன்னால் பாடுகிறவள் என்பதால் தன்னை மட்டமாக நினைக்கிறான் என்று எடுத்துக்கொண்டு படபடவென்று பேசிவிடுகிறாள். அவன் சம்மதித்ததும் அந்தக் கோபம் வெட்கமாக மாறுகிற நேரத்தை ஸ்ரீதேவி எப்படிக் கையாள்கிறார் என்று பாருங்கள். குரல் இறங்குகிறது. கண் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அலைகிறது. ரஜினி எதிரே எதுவும் செய்யாமல் நிற்கிறார். எதுவும் செய்யாமல் நிற்கத் தெரிந்த ரஜினியை அப்புறம் நாம் அதிகம் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்து தமிழ் சினிமாவின் மிகச் சிறந்த காதல் காட்சி இது. தொடவில்லை, பாட்டில்லை, மழையில்லை. மழை கடைசிக் காட்சிக்காகக் காத்திருக்கிறது. ஜானகியின் குரலில் 'காற்றில் எந்தன் கீதம்'. அவன் வருவான் என்று கொட்டும் மழையில் தனியாகப் பாடுகிறாள்.

சலூன்காரர் வித்யாசாகரின் கதையும் நல்ல கதை. ஒன்றைவிட ஒன்று உசத்தியாகத்தான் தெரியும், அதற்காக மாற்றிக்கொண்டே போக முடியுமா என்று தான் விரும்பும் பாமாவிடம் சொல்லும் இடம் பிரபலம். அவளுக்கு அது காதில் ஏறவில்லை. அவளைக் கொலை செய்துவிட்டு ஓடி வருகிறவனை அர்ச்சனாவின் நல்ல குணம் மாற்றுகிறது. இதைப் பிரசங்கம் இல்லாமல் செய்திருப்பதால்தான் 50-ஐத் தாண்டி ஆறு மார்க்.

'நெஞ்சத்தைக் கிள்ளாதே' (1980): 50.

ஹெட்போன் என்று சொன்னேனே, இந்தப் படத்துக்காகத்தான். 'பருவமே' பாட்டு விடியற்காலை ஓட்டத்தின் காலடிச் சத்தத்தையே தாளமாக வைத்துக்கொண்டு போகிறது. டிவி ஸ்பீக்கரில் பாதி காணாமல் போய்விடும். சிறந்த தமிழ்ப் படம், அசோக்குமாரின் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு என்று மூன்று தேசிய விருதுகள் வாங்கியது. ஒலிப்பதிவுக்கு விருது வாங்கிய தமிழ்ப் படம் என்றால் காது கொடுத்துக் கேட்க வேண்டாமா? அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்த சுஹாசினியைக் கேமராவுக்கு முன்னால் நிறுத்தியதும் இதில்தான்.

கதை, பழைய காதலிலிருந்து வெளியே வர முடியாத மனைவியும் அவசரப்படுத்தாமல் காத்திருக்கும் கணவனும். இந்தப் படத்தில் மோகன் பழைய காதலன். ஆறு வருடம் கழித்து 'மௌன ராகம்' படத்தில் அதே மோகன் காத்திருக்கும் கணவன். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு தனிச் சுவை. முதல் பாதியில் சுஹாசினி ஓடுவதும் சிரிப்பதும் காற்று மாதிரி இருக்கிறது. இரண்டாம் பாதியில் படம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பெண்ணின் பிடிவாதம் ஒரு கட்டத்துக்கு மேல் நகரவில்லை. வெட்டியது அங்கேதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொன்னீலனின் 'உறவுகள்' கதையிலிருந்து வந்த 'பூட்டாத பூட்டுக்கள்' 41. சிவசங்கரியின் நாவலிலிருந்து வந்த 'நண்டு' 46. கதாநாயகன் லக்னோக்காரன் என்பதால் அவன் வீட்டில் ஹிந்தி பேசுகிறார்கள், ஹிந்தியில் பாடுகிறார்கள். 1981-ல் தமிழ்ப் படத்தில் அப்படிச் செய்ய நெஞ்சுரம் வேண்டும். மலேசியா வாசுதேவனின் 'அள்ளித் தந்த பூமி' எப்போது கேட்டாலும் என்னை நிறுத்திவிடும். 'மெட்டி' 43. செந்தாமரையின் கொடூர அப்பா கண்ணில் நிற்கிறார், ஆனால் துயரத்தின் மேல் துயரமாக அடுக்கியதில் எதுவும் ஆழமாக இறங்கவில்லை.

'கை கொடுக்கும் கை' (1984) 38, பாஸ் இல்லை. இதைப் போட எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. புட்டண்ணா கனகல் கன்னடத்தில் எடுத்த 'கதா சங்கமா'வின் ஒரு பகுதிதான் மூலம். கன்னடத்தில் ரஜினி பார்வையில்லாத கதாநாயகியைச் சீரழிக்கும் முரடன். தமிழில் அவளுடைய கணவன். ஆறு வருடத்துக்கு முன்னால் காளியாக வந்தவர் இப்போது சூப்பர் ஸ்டார். படம் பாதி நேரம் அவருடைய ரசிகர்களுக்கும், பாதி நேரம் பார்வையில்லாத ரேவதியின் சீதாவுக்கும் போகிறது. சண்டை முடிந்து அந்த வீட்டுக்குள் கேமரா நுழையும்போதெல்லாம் பழைய மகேந்திரன் தெரிகிறார். அதற்குள் வெளியிலிருந்து யாராவது கத்துகிறார்கள்.

'சாசனம்' (2006) 45. கந்தர்வன் கதை, செட்டிநாட்டுச் சுவீகாரப் பழக்கத்தைப் பற்றியது. எடுத்து முடித்து வருடக்கணக்கில் கிடந்துதான் வெளியே வந்தது. பெற்ற வீட்டை விட்டு வேறு வீட்டுப் பிள்ளையாகப் போகிறவனின் வலி. அதை யாரும் விளக்கிப் பேசாமல் அரவிந்த்சாமி சுமக்கிறார். படம் தளர்வாக நகர்கிறது என்பது உண்மை. ஆனாலும் அந்தப் பெரிய வீடுகளின் முற்றங்களும் நீண்ட நடைகளும் மனிதர்களைச் சிறியதாக்குவதை இவ்வளவு பொறுமையாக வேறு யாரும் காட்டவில்லை. காரைக்குடிப் பக்கம் படித்து வளர்ந்தவர் கண்ணுக்குத்தான் அது தெரியும்.

தம்பி மகனுக்கு: வருட வரிசையில் பார்க்காதே. முதலில் 'ஜானி'. ரஜினியையும் ஸ்ரீதேவியையும் உனக்கு ஏற்கெனவே தெரியும், உள்ளே போவது சுலபம். அப்புறம் 'முள்ளும் மலரும்'. அப்புறம் ஒரு வாரம் இடைவெளி விட்டு 'உதிரிப்பூக்கள்'. அதைத் தனியாகப் பார், போனைத் தள்ளி வைத்துவிட்டுப் பார். முடிந்ததும் 'சிற்றன்னை'யை வாசி. ஒரு கதையிலிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம், எவ்வளவு விட்டுவிடலாம் என்பது உன் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதைவிட அதில் நன்றாகப் புரியும். 'தங்கப்பதக்கம்' பார்க்க மறந்துவிடாதே. எதை விட்டுவிட்டு வந்தார் என்று தெரிந்தால்தான் இந்தப் படங்களின் அமைதிக்கு என்ன விலை என்று தெரியும்.

'அழகிய கண்ணே', 'கண்ணுக்கு மை எழுது', 'ஊர்ப் பஞ்சாயத்து' என்ற மூன்று படங்களுக்கும் மார்க் போடாமல் விட்டிருக்கிறேன். எனக்குக் கிடைத்த பிரதிகளில் முகமே தெரியவில்லை. முகம் தெரியாத மகேந்திரன் படத்துக்கு மார்க் போடுவது நியாயமில்லை. நல்ல பிரதி கிடைத்ததும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.